ஆள்மாறாட்டம்: திருச்சியிலிருந்து சில குறிப்புகள்

'ஆள்மாறாட்டம்' என்ற சொல் செய்தித்தாள்களில் இரண்டு விதமாக வரும், கவனிச்சிருக்கீங்களா? 'ஆள்மாறாட்டம் செய்து தேர்வு எழுதியவர் கைது' என்பது ஒன்று. 'ஆள்மாறாட்டத்தில் வாலிபர் வெட்டிக் கொலை' என்பது இன்னொன்று. முதலாவதில் ஒருவர் வேண்டுமென்றே இன்னொருவராக நடிக்கிறார். இரண்டாவதில் யாருமே நடிக்கவில்லை. வெட்ட வந்தவர்கள் இருட்டில் தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் முன்னதற்கு இம்பர்சனேஷன், பின்னதற்கு மிஸ்டேக்கன் ஐடென்டிட்டி என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நாம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுவிட்டு, 'செய்து' என்றா 'இல்' என்றா என்பதை வைத்து வேறுபாடு காட்டுகிறோம்.

இது மொழியின் குறை என்று நான் நினைக்கவில்லை. தமிழ் இங்கே நடந்த சம்பவத்தை மட்டும் பார்க்கிறது: ஓர் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் இன்னோர் ஆள். அது குற்றமா, பிழையா, தியாகமா என்பதெல்லாம் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. அந்த அடுத்த கேள்வியைத்தான் இந்தக் குறிப்புகளில் கேட்டுப் பார்க்கிறேன். அதற்குத் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் விட நல்ல ஊர் கிடைக்காது. மலைக்கோட்டைக்கும் ரங்கநாதர் கோயிலுக்கும் நடுவே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போகிற தூரத்துக்குள் இவ்வளவு ஆள்மாறாட்டக் கதைகள் இருக்கின்றன என்பது, தேட ஆரம்பித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

முதலில் சொற்கள். ஏமாற்றுகிற மாறாட்டத்துக்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. போலி, பொய்வேடம், வெளிவேஷம், பகல்வேஷம். 'சாயம் வெளுத்துப்போச்சு' என்று சொல்கிறோமே, அது நீலத் தொட்டியில் விழுந்து காட்டுக்கே ராஜாவான நரியின் கதை. வேஷம் வடசொல், வேடம் அதன் தமிழ் வடிவம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 'வேஷம்' பேச்சில் பெரும்பாலும் வசவாகிவிட்டது ('என்னமா வேஷம் போடறான்!'). 'வேடம்' சைவத்தில் 'திருவேடம்' ஆகி, திருநீறும் உருத்திராக்கமும் அணிந்த அடியார் கோலத்தைக் குறிக்கிறது. அடியாரின் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே தொழ வேண்டும் என்பது சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் சொல்லும் செய்தி. உள்ளே இருப்பவர் யார் என்று சோதித்த பிறகு தொழு என்று அது சொல்லவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொரு நுணுக்கம். 'பசுத்தோல் போர்த்திய புலி' என்று எல்லோரும் சொல்கிறோம். திருக்குறளில் கூடாவொழுக்கம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் அங்கே படம் தலைகீழாக இருக்கிறது. புலித்தோலைப் போர்த்திக்கொண்டு பயிரை மேயும் பசு! வலுவில்லாத ஒன்று, வலுவுள்ளதின் தோலைப் போட்டுக்கொள்கிறது. காவல்காரன் பயந்துபோய்க் கிட்டே வரமாட்டான் என்ற தைரியம். இரண்டும் ஒன்றல்ல. பசுத்தோலில் இருக்கும் புலி நம்முடைய நம்பிக்கையைப் பயன்படுத்துகிறது. புலித்தோலில் இருக்கும் பசு நம்முடைய பயத்தைப் பயன்படுத்துகிறது. இந்த இரண்டு தோல்களையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 416-வது பிரிவு 'ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல்'. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-வது பிரிவு. பழைய சட்டத்தில் அதிகபட்சம் மூன்று வருடம் சிறை, இப்போது ஐந்து. இந்தப் பிரிவில் எனக்குப் பிடித்த இடம் அதன் விளக்கக் குறிப்பு. யாராக நடிக்கிறோமோ அவர் நிஜமாக இருக்கும் ஆளாக இருக்க வேண்டிய அவசியமில்லை, கற்பனை ஆளாக இருந்தாலும் குற்றம்தான். செத்துப்போனவராக நடித்தாலும் குற்றம்தான். 'அப்படி ஒரு ஆளே இல்லையே, நான் யாருடைய பெயரைத் திருடினேன்?' என்று தப்பிக்க முடியாது. ஏனென்றால் சட்டம் பார்ப்பது முகமூடிக்குச் சொந்தக்காரர் யார் என்பதை அல்ல, அதைப் பார்த்து நம்பியவருக்கு என்ன ஆனது என்பதை. ஏமாற்றுதல் என்பதற்கு அந்தச் சட்டம் கேட்பதும் அதுதான். நம்பிய காரணத்தால் ஒருவர் பொருளைக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது உடலுக்கோ மனசுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ கேடு வரக்கூடிய ஒன்றைச் செய்திருக்க வேண்டும். வெறும் நடிப்பு மட்டும் போதாது. இல்லாவிட்டால் கூத்துக்காரர் அத்தனை பேரும் உள்ளே போக வேண்டியதுதான்.

சில இடங்களில் மட்டும் கேடு நடந்ததா என்று சட்டம் காத்திருப்பதில்லை. அரசு ஊழியராக நடிப்பது, வழக்கில் இன்னொருவராக நின்று வாக்குமூலம் கொடுப்பது, தேர்தலில் இன்னொருவர் ஓட்டைப் போடுவது ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கடைசியாகச் சொன்னதற்குத் தமிழில் 'கள்ள ஓட்டு' என்ற அருமையான சொல் இருக்கிறது. நம் ஓட்டை யாராவது போட்டுவிட்டால் நமக்கு என்ன வழி என்பதை 1961-ம் வருடத் தேர்தல் விதிகளில் 49-பி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2018-ல் 'சர்கார்' படம் வந்த பிறகுதான் அது டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது.

பத்திரப் பதிவில் நடக்கும் மாறாட்டம் இன்னும் கொடுமை. வெளிநாட்டில் இருப்பவரின் மனையை, அவர் பெயரில் வேறு யாரோ வந்து உட்கார்ந்து கைரேகை வைத்து விற்றுவிடுவது. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இதற்கு ஏழு வருடம் வரை சிறை என்கிறது. அப்படிப் பதிவான பத்திரங்களைப் பதிவுத் துறையே ரத்து செய்யலாம் என்று தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு பிரிவு சேர்த்தது, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆகவே இப்போதும் பறிகொடுத்தவர்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கிறது. 2019 செப்டம்பரில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிப்பட்ட நீட் தேர்வு ஆள்மாறாட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தேர்வு எழுதிய முகம் ஒன்று, கல்லூரியில் வந்து உட்கார்ந்த முகம் இன்னொன்று. அங்கே பொருளை இழந்தவர் யார் என்று பெயர் சொல்லிக் காட்ட முடியாது. அந்த இடம் கிடைத்திருக்க வேண்டிய, தனக்கு என்ன நடந்தது என்றே தெரியாத யாரோ ஒரு பிள்ளை.

இதையெல்லாம் நான் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம், எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். போன வருடம் அவருக்கு ஒரு வீடியோ கால். காக்கி உடுப்பு, பின்னால் சுவரில் தேசியச் சின்னம், மேஜையில் கோப்புகள். உங்கள் ஆதாரை வைத்து யாரோ கள்ளப்பணம் மாற்றியிருக்கிறார்கள், நீங்கள் விசாரணையில் இருக்கிறீர்கள், போனை வைக்கக்கூடாது, யாரிடமும் பேசக்கூடாது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்களே, அதுதான். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரிக்கை செய்யும் அளவுக்கு நாடு முழுக்க நடந்த விஷயம். டீச்சர் இரண்டு நாள் போனை மேஜை மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, அதன் எதிரிலேயே சாப்பிட்டிருக்கிறார். மூன்றாம் நாள் பணம் போய்விட்டது.

பணம் போனதைவிட அவரை வாட்டியது மகன்கள் கேட்ட கேள்வி. 'இவ்வளவு படிச்சிருந்தும் எப்படிம்மா ஏமாந்தே?' என்னிடமும் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஏம்ப்பா, நான் முட்டாளா? உடுப்பு போட்டிருந்தானே. அம்மான்னு கூப்பிட்டானே."

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் வாழ்நாள் முழுக்கக் காக்கி உடுப்பைப் பார்த்தால் நம்பலாம் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். தொலைந்து போனால் போலீஸ்காரரிடம் போ என்று சொல்லாத டீச்சர் உண்டா? அந்த நம்பிக்கை இல்லாமல் ஊர் நடக்காது. திருடன் அதைத்தான் திருடினான். வள்ளுவர் சொன்ன மாடுதான் அவன், புலித்தோலைப் போர்த்திக்கொண்டு மேய்ந்தான். புலியைக் கண்டு பயந்தவரை முட்டாள் என்று சொல்வது நியாயமே இல்லை. 'எப்படி ஏமாந்தே' என்ற கேள்வியில் குற்றம் நடித்தவனிடமிருந்து நம்பியவருக்கு இடம் மாறிவிடுகிறது. பார்க்கப்போனால் அதுவும் ஓர் ஆள்மாறாட்டம்தான். (இப்படி ஏதாவது அழைப்பு வந்தால் போனை வைத்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் பேசுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.)

நம்பியவரைக் குறை சொல்லாமல் எழுதப்பட்ட ஒரு கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. திருக்கோவலூர் மன்னர் மெய்ப்பொருள் நாயனார். போரில் அவரை வெல்ல முடியாத முத்தநாதன் திருநீறு பூசி, சடைமுடி கட்டி, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு, ஆகமம் சொல்ல வந்தவனாக அரண்மனைக்குள் போய் அவரைக் குத்திவிடுகிறான். இது சரியான பசுத்தோல் புலி. மெய்க்காவலன் தத்தன் வாளை ஓங்குகிறான். விழுந்துகொண்டிருக்கும் அரசர் தடுக்கிறார். இவர் நம்மவர், பத்திரமாக ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடு என்கிறார். அவர் ஏமாந்த பிறகும், ஏமாந்தது தெரிந்த பிறகும், அந்த வேடத்தின் மதிப்பு குறையக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். நான் மேலே சொன்ன சூத்திரத்துக்கு இதைவிடக் கடுமையான சோதனை இருக்க முடியாது. இது எல்லோராலும் முடிகிற காரியமா என்றால், இல்லை. டீச்சரிடம் போய் நான் இதை உபதேசம் செய்யப் போவதும் இல்லை. ஆனால் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ராஜாவே நம்பியிருக்கார் பாரு" என்றார்.

இனி எங்க ஊர்க் கதைகள். மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை தெரியாத திருச்சிக்காரர் இல்லை. ரத்தினாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து வர வேண்டிய அம்மா காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே மாட்டிக்கொள்கிறாள். சிவன் அந்த அம்மாவின் உருவத்திலேயே வந்து பிரசவம் பார்த்து, பிறகும் கூடவே இருந்து கவனித்துக்கொள்கிறார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா மூட்டை முடிச்சோடு வந்து வாசலில் நிற்கும்போது, உள்ளே இன்னொரு அம்மா! கதையைச் சொல்வது செவ்வந்திப் புராணம். கோயில் திருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்று இதை நடத்திக் காட்டுகிறார்கள். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு வாழைத்தார் வைப்பவர்கள் இன்றும் வருகிறார்கள்.

416-வது பிரிவை வைத்துப் பார்த்தால் இதில் நடிப்பு இருக்கிறது, நம்பியவர் இருக்கிறார், கேடு இல்லை. ஆகவே குற்றமில்லை என்று வக்கீல் முடித்துவிடுவார். எனக்கு அது போதவில்லை. அந்தப் பெண்ணிடம் 'நான் உன் அம்மா இல்லை, ஆனாலும் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லியிருந்தால்? அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது மருத்துவம் மட்டுமில்லை, அம்மா. வேறு யார் வந்திருந்தாலும் பாதிதான் உதவியிருக்கும். பொய் இல்லாமல் அந்த உதவி இல்லை. இது தர்மசங்கடமான இடம்தான். கதையே அதை எப்படிச் சமாளிக்கிறது என்று பெயரைப் பார்த்தால் தெரியும். தாயாக 'நடித்தவர்' இல்லை, தாய் 'வேடம் போட்டவர்' இல்லை, தாயும் 'ஆனவர்'. வடமொழியிலும் மாத்ருபூதேஸ்வரர், தாய் ஆகிவிட்ட ஈசுவரர். வேலையை முழுசாகச் செய்துவிட்டால் வேஷம் என்ற சொல் உதிர்ந்துவிடுகிறது. அந்த 'உம்' வேறு இருக்கிறது பாருங்கள். தாய் மட்டும் ஆகவில்லை, தாயும் ஆனார். அசல் அம்மாவின் இடத்தை அவர் பறித்துக்கொள்ளவில்லை, அவள் வந்ததும் மறைந்துவிட்டார்.

காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குப் போனால் கதை இவ்வளவு சுத்தமாக இல்லை. பூந்தோட்டம் வைத்துப் பெருமாளுக்கு மாலை கட்டிக்கொண்டிருந்த விப்பிரநாராயணர் (பின்னாளில் தொண்டரடிப்பொடி ஆழ்வார்), அவரை மயக்கிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி, எளிய தொண்டர் கோலத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வந்த தேவதேவி. இது முதல் வேடம். கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு அவரை வெளியே தள்ளிவிடுகிறாள். அப்போது பெருமாள் தன் கோயில் பொன்வட்டிலை எடுத்துக்கொண்டு, 'விப்பிரநாராயணர் அனுப்பினார், நான் அவருடைய ஆள், பெயர் அழகியமணவாளன்' என்று அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். இது இரண்டாவது வேடம். அப்படி ஓர் ஆளே கிடையாது, கற்பனை ஆள், விளக்கக் குறிப்பு நேராகப் பொருந்துகிறது! மறுநாள் கோயிலில் வட்டிலைக் காணோம், தேவதேவி வீட்டில் கிடைக்கிறது, விப்பிரநாராயணர் காவலில். இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. எவ்வளவு அன்பாகச் செய்திருந்தாலும் பழி விழுந்தது ஒன்றும் அறியாதவர் தலையில். அரசன் கனவில் வந்து 'நான்தான் கொடுத்தேன்' என்று பெருமாளே ஒப்புக்கொண்டதால்தான் கதை தப்பிக்கிறது. ஒப்புக்கொள்ளாத தெய்வத்தை எப்படி வைத்துக் கும்பிடுவது?

வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் வருவதும் நினைவுக்கு வருகிறது. அமுதம் பங்கிட்ட கதையில் தேவர் வேடத்தில் வரிசையில் உட்கார்ந்த அசுரனின் தலை போயிற்று. தலையை எடுத்தவரும் அந்த நேரம் வேடத்தில்தான் இருந்தார். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

எனக்கு முக்கியமான கதை கூரத்தாழ்வானுடையது. மற்றவை தெய்வம் போட்ட வேடங்கள், கணக்கு முடிக்கத் தெய்வமே வந்துவிடும். இது மனிதர் போட்ட வேடம், விலையையும் மனிதரேதான் கொடுத்தார். வைணவ குருபரம்பரை நூல்கள் சொல்வது இது: சோழ அரசன் ஒருவன், சிவனுக்கு மேல் ஒன்றில்லை என்று எழுதி எல்லாப் பண்டிதர்களிடமும் கையெழுத்து வாங்குகிறான். நாலூரான் என்ற அமைச்சன், ராமானுஜர் கையெழுத்துப் போட்டால்தான் மதிப்பு என்கிறான். ஆட்கள் ஸ்ரீரங்கம் மடத்துக்கு வருகிறார்கள். ராமானுஜர் நீராடப் போயிருக்கிறார். சீடர் கூரத்தாழ்வான் குருவின் காஷாயத்தை உடுத்தி, முக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு 'போகலாம்' என்று கிளம்பிவிடுகிறார். வயது முதிர்ந்த பெரிய நம்பியும் கூடப் போகிறார். விஷயம் தெரிந்த ராமானுஜர், இல்லறத்தாரான ஆழ்வானின் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு மேற்கே நடந்து கர்நாடகத்துக்குப் போய்ச் சேர்கிறார். முகம் பதித்த அட்டை இல்லாத காலம். துணியின் நிறமும் கையில் உள்ள கோலும்தான் அடையாளம். இன்றும் ஸ்ரீபெரும்புதூரில் 'வெள்ளை சாற்றுப்படி' என்று அந்த உடைமாற்றத்தை உற்சவமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. இது ஒரு தரப்பு எழுதி வைத்த கதை. 'கிருமிகண்ட சோழன்' என்று நூல்கள் சொல்வது பட்டப்பெயர், அரசனின் பெயரே அல்ல. அதிராஜேந்திரனா, முதலாம் குலோத்துங்கனா, இரண்டாம் குலோத்துங்கனா என்று ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. அதை வைத்துச் சோழர்களைக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. இந்தக் கதையைச் சொல்லி வந்தவர்கள் ஆள்மாறாட்டத்தை எப்படி எடை போட்டார்கள் என்பதுதான் என் அக்கறை.

சபையில் என்ன நடந்தது பாருங்கள். கையெழுத்துப் போடச் சொல்லி ஓலையை நீட்டுகிறார்கள். ஆழ்வான் 'அதைவிடத் துரோணம் பெரிது' என்று எழுதிவிடுகிறார். சிவம் என்பதற்குக் குறுணி என்ற அளவும், துரோணம் என்பதற்குப் பதக்கு என்ற அளவும் பொருள். குறுணியைவிடப் பதக்கு பெரிசுதானே! நெல் அளக்கும் கணக்கை வைத்து அரசனிடம் குறும்பு செய்கிறார், உயிர் போகும் நேரத்தில். இங்கே கவனிக்க வேண்டியது, அவர் தன் பெயரைத் தவிர வேறு எதிலும் பொய் சொல்லவில்லை. ராமானுஜர் வேடத்தில் நின்றுகொண்டு ராமானுஜரின் கொள்கைக்கு விரோதமாக ஒரு சொல் எழுதியிருந்தால் உயிரோடு கண்ணும் மிஞ்சியிருக்கும். ஆனால் அப்போதுதான் அது குருவின் பெயரைத் திருடியதாகியிருக்கும். வழக்கமான ஆள்மாறாட்டக்காரன் பெயரைக் கடன் வாங்கி அதன் மதிப்பைச் செலவழிப்பான். இவர் பெயரைக் கடன் வாங்கி, அதற்கு வந்த கடனை அடைத்தார். இரண்டு கண்களும் போயின. பெரிய நம்பிக்கும் கண் போய், திரும்பும் வழியிலேயே அவர் உயிர் விட்டார்.

நம் தண்டனைச் சட்டத்தில் இதற்கு மன்னிப்பு இருக்காது என்று நினைக்கிறேன். வழக்கில் இன்னொருவராக நின்று சொல் கொடுப்பது, யாருக்கும் பண நஷ்டம் இல்லாவிட்டாலும், மூன்று வருடம் வரை சிறைக்கு உரிய குற்றம். அது சரியான சட்டம்தான். பணக்காரருக்குப் பதில் ஏழை ஒருவர் ஜெயிலுக்குப் போகும் ஏற்பாட்டை அது இல்லாமல் தடுக்க முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல்.

கதை அங்கே முடியவில்லை. கண்ணிழந்த ஆழ்வான் ஸ்ரீரங்கம் திரும்பிக் கோயிலுக்குப் போகிறார். ராமானுஜர் சம்பந்தம் உள்ள யாரையும் உள்ளே விடக்கூடாது என்று வாசலில் உத்தரவு. ஒரு காவலாள் தடுக்கிறான். இன்னொருவன், 'இவர் நல்லவர், எல்லோருக்கும் வேண்டியவர், இவரை விடலாம்' என்கிறான். ஆழ்வான் காலைப் பின்வாங்கிக்கொள்கிறார். அவருடைய சம்பந்தம் இல்லாதவன் என்று கணக்குப் பண்ணித்தான் உள்ளே விட வேண்டுமென்றால் எனக்கு அந்தச் சேவையே வேண்டாம். அப்படியே குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலைக்குப் போய்விடுகிறார். இந்த வாசல் சம்பவத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அதே மனிதர் குருவின் உயிருக்காக 'நான்தான் ராமானுஜர்' என்று சொன்னார். தன் தரிசனத்துக்காக 'நான் அவருடைய ஆள் இல்லை' என்பதைச் சொல்லக்கூட வேண்டாம், சும்மா இருந்திருந்தாலே போதும். அதைச் செய்யவில்லை. பிற்பாடு காஞ்சி வரதனிடம் வரம் கேட்கும் சந்தர்ப்பம் வந்தபோது, எனக்குக் கிடைப்பது நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்டாராம். நாலூரான் ஒரு காலத்தில் ஆழ்வானிடமே படித்தவன்.

இதுவரை போலியைப் பற்றிப் பேசினேன். அசலுக்கும் ஒரு சங்கடம் உண்டு, தான் அசல் என்று நிரூபிக்க வேண்டி வருவது. 1323-ல் டெல்லிப் படை வந்தபோது உற்சவர் அழகியமணவாளரை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் கிளம்பினார். அவர் வழியிலேயே, மதுரைப் பக்கம், காலமானார். பெருமாள் மலையாளம், மேல்நாடு, திருமலை, செஞ்சி என்று சுற்றி, விஜயநகர அதிகாரி கோபண்ணர் மூலம் 1371-ல் திரும்பி வந்தார். நாற்பத்தெட்டு வருடம். அதற்குள் ஸ்ரீரங்கத்தில் வேறு உற்சவர் எழுந்தருளியிருந்தார். புதிய தலைமுறை, பழையவரைப் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை. வந்தவர் அசலா, இருப்பவர் அசலா?

ஒரே ஒரு வயதான சலவைத் தொழிலாளி மிஞ்சியிருந்தார், பெருமாளின் ஆடைகளைத் துவைத்த ஈரங்கொல்லி. அவருக்கும் கண் தெரியாது. இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, அந்த ஈர ஆடையைப் பிழிந்த தீர்த்தத்தை எனக்குக் கொடுங்கள் என்றார். இரண்டையும் வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, வந்தவரின் தீர்த்தத்தைக் காட்டி 'இவரே நம்பெருமாள்' என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பட்டாச்சாரியர்களும் அதிகாரிகளும் கூடியிருந்த இடத்தில் ஆளை அடையாளம் காட்டியது துணி துவைத்தவரின் நாக்கு.

அந்த நாற்பத்தெட்டு வருடத்தில் பூஜையை ஏற்றுக்கொண்டிருந்த இன்னொருவரை யாரும் போலி என்று சொல்லவில்லை, அப்புறப்படுத்தவும் இல்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு இன்றும் நம்பெருமாளுடன் அதே கோயிலில்தான் இருக்கிறார்.